கடலில் கொட்டிய மத்தி... காப்பாற்றிய செல்போன்!

1997 ஜனவரி 14. கேரளாவின் வடகரா கடற்கரை. அன்று காலை படகு நிறைய மத்தி மீனோடு கரை சேர்ந்த 11 மீனவர்களுக்கு அதிர்ச்சி. வாங்க ஆளில்லை! மீனைக் கடலிலேயே கொட்டுவதைத் தவிர வழியில்லை. அதே நேரம், 15 கிலோமீட்டருக்குள் இருந்த மற்ற கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பத் தயாராக இருந்தார்கள்.

காரணம்? எந்தக் கரையில் வியாபாரி காத்திருக்கிறார், என்ன விலை போகிறது என்பது கடலில் இருப்பவருக்குத் தெரியாது. மீன் சந்தையோ காலையில் சில மணி நேரம்தான். இன்னொரு கரைக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால், எரிபொருள் செலவு கையைக் கடிக்கும்.

அதே ஆண்டில் அந்தப் பகுதிக்குச் செல்போன் வந்தது. கரையோர டவர்களின் சிக்னல் கடலுக்குள்ளும் 20 கிலோமீட்டருக்கு மேல் எட்டியது. மீனவர்கள் படகிலிருந்தே வியாபாரிகளிடம் விலை கேட்டு, தேவை உள்ள கரைக்குப் படகைத் திருப்பினார்கள்.

இந்த மாற்றத்தைப் பல ஆண்டுகள் கவனித்த பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன், 2007-ல் தன் ஆய்வை வெளியிட்டார். முன்பு பிடித்த மீனில் 5 முதல் 8 சதவிகிதம் வரை வீணாகிக்கொண்டிருந்தது. செல்போன் வந்தபின் அது அநேகமாக நின்றேபோனது. மீனவர்களின் லாபம் சுமார் 8 சதவிகிதம் கூடியது. மக்களுக்கோ மீன் விலை சுமார் 4 சதவிகிதம் குறைந்தது.

ஒரு மீன் வீணானால், அதைப் பிடிக்க எரித்த எரிபொருளும் சிந்திய வியர்வையும் சேர்ந்தே வீண். இன்று உணவு வீணாவதைத் தடுக்க எத்தனையோ ஆப்கள் வந்துவிட்டன. ஆனால், அன்று மத்தியைக் காப்பாற்றியது ஸ்மார்ட்போன்கூட இல்லை... சரியான நேரத்தில் பேசிய ஒரே ஒரு போன் கால்!