அளவறி பி.சி.ஆர். முறையில் டி.என்.ஏ. செறிவை அளத்தல்

அளவறி பி.சி.ஆர். அல்லது நிகழ்நேர பி.சி.ஆர். என்பது ஒரு மாதிரியிலுள்ள குறிப்பிட்ட டி.என்.ஏ. வரிசையைப் பெருக்கும்போதே அதன் தொடக்க அளவைக் கணக்கிடும் ஆய்வக முறையாகும். இது 1990களின் தொடக்கத்தில் உருவானது. தடயவியல், மருத்துவம், மரபணு ஆய்வு ஆகிய துறைகளில் பயன்படுகிறது.

தேவை

டி.என்.ஏ. 260 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை உறிஞ்சுவதைக் கொண்டும் அதன் செறிவை அளக்கலாம். ஆனால் ஆர்.என்.ஏ.வும் அதே ஒளியை உறிஞ்சும். மேலும், மனித டி.என்.ஏ.வையும் பாக்டீரியா டி.என்.ஏ.வையும் அம்முறை பிரித்தறியாது. குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் இரத்தக்கறையில் இவை கலந்திருக்கலாம். அளவறி பி.சி.ஆரில் மனித வரிசையுடன் மட்டும் பிணையும் பிரைமர்கள் பயன்படுத்தப்படுவதால் மனித டி.என்.ஏ. மட்டுமே அளக்கப்படுகிறது.

ஆள் அடையாளச் சோதனைக்குப் பொதுவாக 0.5 முதல் 1 நானோகிராம் டி.என்.ஏ. தேவை. இதைவிட மிகக் குறைந்தால் சில மரபு அடையாளங்கள் முடிவில் விடுபடலாம். மிகுந்தால் போலிக் குறிகள் தோன்றலாம்.

செயல்படும் விதம்

ஒவ்வொரு சுழற்சியிலும் டி.என்.ஏ. ஏறத்தாழ இரு மடங்காகிறது. அதற்கேற்ப ஒளிர்சாயத்தின் ஒளியும் கூடுகிறது. ஒளி ஒரு வரம்பைக் கடக்கும் சுழற்சி எண் சி.டி. மதிப்பு எனப்படும். தொடக்க அளவு கூடுதலாக இருந்தால் சி.டி. மதிப்பு குறையும்.

செறிவு தெரிந்த தர மாதிரி பத்துப் பத்து மடங்காக நீர்க்கப்படுகிறது. ஒவ்வொரு நீர்த்தலின் சி.டி. மதிப்பையும் செறிவின் மடக்கைக்கு எதிராகக் குறித்தால் நேர்கோடு கிடைக்கும். சோதிக்கப்படும் மாதிரியின் செறிவு இக்கோட்டிலிருந்து பெறப்படுகிறது.

துல்லியமும் பிழைகளும்

கோட்டின் சாய்வு −3.32 எனில் பெருக்கத் திறன் 100%. பொதுவாக 90 முதல் 110% வரை ஏற்கப்படுகிறது. 100% திறனில் ஒரு மூலக்கூறு 30 சுழற்சிகளில் சுமார் 107 கோடியாகும். 90% திறனில் சுமார் 23 கோடியே ஆகும். எனவே தர மாதிரியும் சோதனை மாதிரியும் ஒரே திறனில் பெருக வேண்டும். இரத்தத்திலுள்ள ஹீம், மண்ணிலுள்ள ஹியூமிக் அமிலம் போன்றவை வினையைத் தடுத்து, உள்ளதைவிடக் குறைந்த அளவைக் காட்டச் செய்யும். இதைக் கண்டறிய ஒவ்வொரு குழாயிலும் தெரிந்த அளவு கட்டுப்பாட்டு டி.என்.ஏ. சேர்க்கப்படுகிறது, அதன் சி.டி. மதிப்பு கூடினால் தடுப்புப் பொருள் இருப்பதாகக் கொள்ளலாம். டி.என்.ஏ. இல்லாத வெற்று மாதிரி, மாசு கலந்துள்ளதா என்பதைக் காட்டும்.

தர மாதிரியின் செறிவு தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால் எல்லா முடிவுகளும் அதே விகிதத்தில் பிழையாகும். அப்போதும் கோடு நேராகவே இருக்கும். சோதனையை மும்முறை செய்தாலும் விடை மாறாது. ஆகவே தர மாதிரியின் செறிவு வேறொரு முறையில் சரிபார்க்கப்பட வேண்டும். தரக்கோடு தேவைப்படாத டிஜிட்டல் பி.சி.ஆர். இதற்குப் பயன்படுகிறது.