நாலு தொகுதியை வெறுமையாக்கிய கல்லூரிப் பெடியள்: தெரியுமா?

1931 மே 4. ஆணும் பெண்ணும் எல்லோரும் வாக்களிக்கலாம் என்று இலங்கையில் வந்த முதல் தேர்தலுக்கு வேட்புமனு கொடுக்கும் நாள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நாலு தொகுதிகளிலும் வந்த மனு எத்தனை தெரியுமா? ஒன்றுகூட இல்லை! பெயர்பெற்ற வழக்கறிஞர்களே ஒதுங்கி நின்றார்கள். ஒதுங்க வைத்தது யார்? கல்லூரி மாணவர்களும் இளம் வாத்திமாரும்!

அந்தத் தேர்தலைக் கொண்டுவந்த டொனமூர் அரசியல் திட்டம் முழுச் சுயராச்சியம் தரவில்லை, ஆகவே அது வேண்டாம் என்பதுதான் அவர்கள் வாதம். அந்த நாலு ஆசனமும் 1934 வரை வெறுமையாகவே கிடந்தன. பகிஷ்கரிப்பு சரியா பிழையா என்று இன்றைக்கும் வாதாடலாம். அந்தத் துணிவுக்கு ஈடாக எனக்கு இன்னொன்று தெரியவில்லை.

இவர்கள் 1924இல் மாணவர் காங்கிரஸ் என்று தொடங்கி, பிறகு வாலிபர் காங்கிரஸ் ஆனவர்கள். முன்னின்றவர் ஹன்டி பேரின்பநாயகம். மானிப்பாயில் பிறந்து, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் படிப்பித்தவர். தொடங்கியபோது அவருக்கு வயது 25தான்!

1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தாரே, அவரை அழைத்தது யார் தெரியுமா? இதே பெடியள்தான்! 1931இல் இந்திய விடுதலைப் போராளி கமலாதேவி சட்டோபாத்யாயாவையும் மாநாட்டுக்கு வரவழைத்தார்கள்.

ஆனால் என்னை மெய்சிலிர்க்க வைப்பது பள்ளிக்கூடத்து வாங்குக் கதை. அந்தக் காலத்து வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். 'உயர்ந்த' சாதிப் பிள்ளை வாங்கிலே; ஒடுக்கப்பட்ட பிள்ளை நிலத்திலே, சில இடங்களில் வாசலுக்கு வெளியிலே! அதே ஊரில் இவர்கள் "சம ஆசனம், சம போசனம்" என்று கேட்டார்கள். மாநாட்டுச் சாப்பாட்டையே ஒரே பந்தியாக்கினார்கள். வெள்ளைக்காரனை எதிர்ப்பது ஒன்று. சொந்த வீட்டாரையும் சொந்தக்காரரையும் எதிர்ப்பது வேறு. இரண்டாவதுதான் கடினம், அதையும் செய்தார்கள்!

இதையும் கேளுங்கள். தமிழ்ப் பள்ளிகளில் சிங்களமும், சிங்களப் பள்ளிகளில் தமிழும் படிப்பிக்க வேண்டும் என்றவர்கள் இவர்கள். 1926இல் ஒக்ஸ்போர்டிலிருந்து திரும்பியிருந்த ஓர் இளைஞர் இவர்களுடைய மேடையில் ஏறி, இலங்கைக்கு ஏற்றது சமஷ்டி ஆட்சிதான் என்று பேசினார். யார் தெரியுமா? எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க! ஆம், சரியாக முப்பது வருடம் கழித்துத் தனிச் சிங்களச் சட்டம் கொண்டுவந்த அதே பண்டாரநாயக்க!

கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஹன்டி மாஸ்டர், 1949இல் கொக்குவில் இந்துக் கல்லூரிக்கு அதிபரானார்! அவர் 1977இல் மறைந்தார். சீலன் கதிர்காமர் தொகுத்த நினைவு மலர் 1980இல் வெளிவந்தது. எங்காவது கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள்; இந்தப் பெடியளின் கதை முழுக்க அதில் இருக்கிறது.