ஒரே ஒரு வளையம் ஒளியைப் பிடிப்பது எப்படி?

அம்மையார்குப்பத்து நெசவுத் தெருவில் நின்றால் தறிச் சத்தம் ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும். ஒரு தறியின் ஓட்டத்தை அறிய அந்த வீட்டுக்குள் போக வேண்டும். ஊதா பாக்டீரியாக்களின் ஒளிச்சேர்க்கையை ஆராய்ந்தவர்களுக்கும் இதே சிக்கல்தான்.

காற்றுப் புகாத குளத்துச் சேற்றில் வாழும் இவை, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் பயன்படுத்திக்கொள்கின்றன. அதைப் பிடிப்பது ‘எல்ஹெச்2’ என்ற புரத வளையம். 1995-இல் வெளியான அதன் அமைப்பில் 27 பச்சைய மூலக்கூறுகள்: 9 தள்ளித் தள்ளி, 18 நெருக்கியடித்து.

கோடிக்கணக்கான வளையங்கள் ஏற்கும் ஒளியைச் சேர்த்து அளந்தால் 800, 850 நானோமீட்டர் அருகே இரண்டு அகலப் பட்டைகள்தான் தெரியும். உள்ளே ஆற்றல் எப்படிப் பகிரப்படுகிறது என்பது அதில் மறைந்துவிடும். 1999-இல் நெதர்லாந்தின் லைடன் ஆய்வாளர்கள் இந்த வளையங்கள் கலந்த கரைசலை வெகுவாக நீர்க்கச் செய்து, மெல்லிய படலமாக்கி, மைனஸ் 272 டிகிரிக்குக் குளிர்வித்தார்கள். பிறகு ஒற்றை வளையத்தின் மீது லேசரைப் பாய்ச்சி, லேசரின் நிறத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, வளையம் திருப்பி உமிழும் ஒளியை அளந்தார்கள். எத்தனை பொறுமை வேண்டும்!

800-இல் மெல்லிய தனித்தனிக் கோடுகள். 850-இல் சில அகன்ற பட்டைகள். அதாவது, தள்ளி நிற்கும் ஒன்பதும் பெரும்பாலும் தனித்தனியே ஒளியை ஏற்கின்றன. நெருங்கி நிற்கும் பதினெட்டோ ஆற்றலைக் கூட்டாகச் சுமக்கின்றன. முன்னதிலிருந்து பின்னதற்கு ஆற்றல் தாவ, வினாடியில் ஏறத்தாழ லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரமே போதும்.