அண்டை நாடுகளும் நம் சங்கமும்

மணியாச்சி ஜங்ஷனில் தூத்துக்குடிக்கு வண்டி மாறும் நம் அங்கத்தினர்களில் எத்தனை பேர், அது ஒரு காலத்தில் கொழும்புக்குச் செல்லும் வழியாயிருந்தது என்பதை அறிவார்களோ? 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்படும் வரை, 'போட் மெயில்' பிரயாணிகள் இவ்வழியே தூத்துக்குடி சேர்ந்து கப்பலேறினர். 1906இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை பங்கு சேர்த்துச் சுதேசிக் கப்பல் விட்டதும் இக்கடலில்தான். பின்னர் தனுஷ்கோடி வழி ஏற்பட்டது. 1964 டிசம்பர்ப் புயல் அதனை அழித்தது. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு மீண்டும் தொடங்கிய பிரயாணிக் கப்பல், நவம்பரிலேயே நின்றுபோயிற்று.

கடல் குறுகியதே, உறவுதான் நிலைபெறவில்லை. 1985 டிசம்பரில் இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்காள தேசம் முதலிய ஏழு நாடுகள் டாக்காவில் கூடி 'சார்க்' என்னும் அமைப்பை நிறுவின. அதன் சாசனப்படி எத்தீர்மானமும் ஏகமனதாகவே நிறைவேற வேண்டும். இரு நாடுகளுக்கிடையே உள்ள வழக்குகளை அங்கு எழுப்பலாகாது. நம் சங்கத்தில் இவ்வாறு ஒரு துணைவிதி இருப்பதாக எண்ணிப் பாருங்கள்! ஒருவர் கை தூக்காவிடில் தீர்மானம் விழும். வரப்புச் சண்டையோ வாசலுக்கு வெளியே வளர்ந்துகொண்டிருக்கும். 2016இல் இஸ்லாமாபாத்தில் கூடவேண்டிய மகாநாடு கூடாமற்போனதில் வியப்பென்ன?

இதனால் நேரும் நஷ்டம் பருத்தியில் நன்கு தெரியும். 2019இல் இந்திய–பாகிஸ்தான் வர்த்தகம் நின்றது. 2021 மார்ச் 31ஆம் தேதி, இந்தியப் பருத்தியும் நூலும் வாங்கலாமென்று பாகிஸ்தானின் பொருளாதாரக் குழு அனுமதித்தது. மறுநாளே அந்நாட்டு மந்திரிசபை மறுத்துவிட்டது. 2025 ஏப்ரலில் வங்காள தேசம் தரைவழியே நம் நூல் வருவதை நிறுத்தியது. மே மாதத்தில் இந்தியா, அந்நாட்டு ஆயத்த ஆடைகள் தரைவழியே வருவதைத் தடுத்தது.

ஆனால் வாசல்களையெல்லாம் திறந்துவிட்டால் யாவர்க்கும் நன்மையே என்று நாம் சொல்லத் துணியோம். அண்டை நாட்டார் நூல் கேட்டால் பருத்தி விலை ஏறும். கரிசல் உழவர் மகிழ்வர். அதே வேளையில் எட்டயபுரத்துக் கைத்தறிக்காரர் சிட்டா நூலுக்கு அதிகம் கொடுக்க நேரும். இருவரும் கூட்டுறவு அங்கத்தினர்களே. உளுந்தின் கதை வேறு. 2021 மே முதல் உளுந்து இறக்குமதிக்குத் தடை நீக்கப்பட்டு, அச்சலுகை பலமுறை நீட்டிக்கப்பட்டது. அடுத்த மாதமே, ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் இரண்டரை லட்சம் டன் உளுந்து பெற மியான்மருடன் உடன்பாடும் ஏற்பட்டது. பட்டணத்து இட்லிக் கடைக்கு அது அனுகூலம். புரட்டாசியில் விதைத்துத் தையில் களத்துமேட்டில் விலை பார்த்து நிற்கும் மானாவாரி விவசாயிக்கு அன்று.

அண்டை நாடுகள் இணங்காமைக்குப் பகை மட்டும் காரணமன்று; ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் விற்பவரும் வாங்குபவரும் இவ்வாறு பிரிந்து நிற்பதும் காரணமாகும். ஆகவே நாம் கேட்க வேண்டியது தடையுமன்று, கட்டற்ற திறப்புமன்று. உளுந்து இறக்குமதி பற்றிய அறிவிப்பு, உழவர் விதை வாங்கும் ஆவணிக்கு முன் வெளியாக வேண்டும்; நூல் ஏற்றுமதியில் மாற்றம் வருமாயின், தறிக்காரர் பாவுக்கு நூல் வாங்குமுன் தெரிய வேண்டும். இவ்விரண்டையும் ஒரே தீர்மானமாக எழுதி, அடுத்த மகாசபையில் உழவரும் நெசவாளரும் சேர்ந்தே கொண்டுவரலாம்.