அனல் காற்றைத் தாங்க உதவும் 'ஆம் பன்னா': வீட்டிலேயே தயாரிப்பது எப்படி?

மே, ஜூன் மாதங்களில் வட இந்தியச் சமவெளியில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட அனல் காற்றுக்கு 'லூ' என்று பெயர். நண்பகலில் வீதிகளை வெறிச்சோடச் செய்யும் இந்தக் காற்றுக்கு அஞ்சி, வெளியே செல்வோர் சட்டைப் பையில் ஒரு வெங்காயத்தை வைத்துக்கொள்ளும் வழக்கம் அங்கு உண்டு. பையிலிருக்கும் வெங்காயம் வெயிலைத் தடுக்காது. ஆனால், புறப்படும் முன் ஒரு குவளை 'ஆம் பன்னா' அருந்தும் வழக்கத்துக்கு வலுவான காரணம் இருக்கிறது.

மாங்காயை வேகவைத்தோ, தணலில் சுட்டோ எடுத்த சதையுடன் உப்பு, சீரகம், இனிப்பு சேர்த்து நீரில் கரைத்தால் ஆம் பன்னா. மகாராஷ்டிரத்தில் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து 'பன்ஹே' என்கின்றனர். மேற்கு வங்கத்தில் சுட்ட மாங்காயின் புகை மணமே இதன் சிறப்பு. தமிழகக் கோயில் விழாக்களில் வழங்கப்படும் பானகமும் இந்தப் பன்னாவும் பெயரளவில் ஒரே வேரைக் கொண்டவை.

இதன் பயனுக்கு மாங்காயில் உள்ள வைட்டமின் சி சத்தே காரணம் எனப் பலர் கருதுகின்றனர். வேகவைக்கும்போது அதில் ஒரு பகுதி அழிந்துவிடும். உண்மையில் உதவுவது நீரும் உப்பும்தான். வியர்வையில் நீருடன் சோடியமும் வெளியேறுகிறது. பல மணி நேரம் வியர்த்தபின் வெறும் நீரை மட்டுமே மிகுதியாகக் குடித்தால், இரத்தத்தில் சோடியத்தின் அளவு மேலும் குறையக்கூடும். உப்புடன் சிறிதளவு சர்க்கரையும் சேரும்போது, சிறுகுடல் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஒன்றாக உறிஞ்ச, அவற்றைத் தொடர்ந்து நீரும் உடலுக்குள் செல்கிறது. ஓ.ஆர்.எஸ். கரைசல் செயல்படுவதும் இதே முறையில்தான். உப்பு நீரைத் தனியே குடிக்கத் தயங்குபவரையும் மாங்காயின் புளிப்பு குடிக்க வைத்துவிடும்.

தயாரிக்கும் முறை எளிது. நார் குறைந்த, நன்கு முற்றிய மாங்காய் அரை கிலோ எடுத்துக் கழுவி, மூழ்கும் அளவு நீர் ஊற்றிக் குக்கரில் இரண்டு அல்லது மூன்று விசில் வரும்வரை வேகவைக்க வேண்டும். ஆறியபின் தோலையும் கொட்டையையும் நீக்கிச் சதையைப் பிசைந்து எடுத்து, 100 கிராம் சர்க்கரை அல்லது வெல்லம், ஒரு தேக்கரண்டி கறுப்பு உப்பு, அரைத் தேக்கரண்டி சாதாரண உப்பு, இரண்டு தேக்கரண்டி வறுத்த சீரகப் பொடி, சிறிது மிளகுத் தூள், ஒரு கைப்பிடி புதினா ஆகியவற்றுடன் அரைக்க வேண்டும். இந்த விழுது ஏறத்தாழ எட்டுக் குவளைகளுக்குப் போதுமானது. குளிர்ந்த நீரில் கரைத்துப் பரிமாறலாம். பானை நீரே போதும். ஐஸ் கட்டி கட்டாயமில்லை. புளிப்பு உலோகத்துடன் வினைபுரியும் என்பதால் அலுமினியம், பித்தளைப் பாத்திரங்களைத் தவிர்த்து, கண்ணாடிப் புட்டியில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் வரை பயன்படுத்தலாம்.

இந்த அளவில் புளிப்பு சற்றுத் தூக்கலாகவே இருக்கும். சில செய்முறைகளில் சதையைப் போல் இரு மடங்கு சர்க்கரை சேர்க்கப்படுகிறது. சுவை கூடினாலும், அது தாகம் தணிக்கும் பானமாக இல்லாமல் இனிப்புப் பண்டமாகிவிடுகிறது. நீரிழிவு உள்ளவர்கள் இனிப்பைக் குறைத்தும், உயர் இரத்த அழுத்தம் அல்லது சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனையுடனும் அருந்துவது நல்லது. கறுப்பு உப்பும் சோடியம்தான். அது தீங்கற்றது என்ற எண்ணம் சரியன்று.

சமவெளிப் பகுதியில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியேனும் கூடினால் அதை வெப்ப அலை என இந்திய வானிலை ஆய்வு மையம் வகைப்படுத்துகிறது. அத்தகைய நாட்களில் ஓ.ஆர்.எஸ்., மோர், எலுமிச்சைச் சாறு, கஞ்சித் தண்ணீர் போன்றவற்றை அருந்துமாறு தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவுறுத்துகிறது. ஆம் பன்னாவையும் இந்த வரிசையில் வைக்கலாம்.

எனினும் இது தற்காப்புக்கு மட்டுமே, சிகிச்சைக்கு அன்று. உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்ப வாதம். அவரை உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடலில் நீர் ஊற்றி விசிறியபடியே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் ஆம் பன்னா உட்பட எந்தப் பானத்தையும் ஊற்றக் கூடாது; அது மூச்சுக்குழாய்க்குள் சென்றுவிடும் ஆபத்து உண்டு.