'கடுப்பா இருக்கு, விடும்மா!' - டீன் ஏஜ் பிள்ளைகளின் ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்திருப்பது என்ன? கொல்லிமலைப் பேருந்தில் ஒரு பாடம்

காரவள்ளியில் அடிவாரம் தாண்டியதும் பேருந்து மூச்சுவாங்க ஆரம்பித்தது. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். எனக்கு முன் சீட்டில் ஜன்னலோரம் ஒரு பெண் பிள்ளை. பத்தாம் வகுப்பு படிக்கும் வயது. மடியில் ஹாஸ்டல் பை. பக்கத்தில் அம்மா.

"ஏங்கண்ணு, ஏன் இப்படி உம்முன்னு வர்றே? உடம்பு ஏதும் சரியில்லியா?"

"ஒண்ணுமில்ல."

"அப்புறம் என்ன?"

"கடுப்பா இருக்கு. விடும்மா."

அவ்வளவுதான். அடுத்த பத்து வளைவுகளுக்குப் பேச்சே இல்லை. பிள்ளை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அம்மா என் பக்கம் திரும்பி, "அஞ்சாவது படிக்கிற வரைக்கும் வாய் ஓயாது கண்ணு. இப்ப எதைக் கேட்டாலும் இந்த ஒரு சொல்லுதான். படிக்கவே பிடிக்கலைபோல. பேசாம நிறுத்திரலாமான்னு அவங்க அப்பா கேக்குறாரு" என்றார். பெயரும் ஊரும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன்.

உங்கள் வீட்டிலும் இந்தச் சொல் ஒலிக்கிறதா? 'கடுப்பு', 'போர்', 'மூட் அவுட்', 'ஒண்ணுமில்ல' என்று வீட்டுக்கு வீடு சொல் மாறலாம். ஆனால் கதவு மூடப்படும் சத்தம் ஒன்றுதான். இந்தச் சத்தத்தைக் கேட்பதையே வேலையாக வைத்திருக்கும் சிலர் உலகில் இருக்கிறார்கள். பல்கலைக்கழக உளவியல் ஆய்வகங்களில், வளரிளம் பருவத்தில் உணர்ச்சிகள் எப்படி மாறுகின்றன என்று ஆராய்பவர்கள். அவர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் இந்தப் பயணம் அமைந்தது.

கொல்லிப்பாவையின் சிரிப்பு

கொல்லிமலை என்றதும் நினைவுக்கு வருவது கொல்லிப்பாவை. சிரித்தே ஆளை மயக்கி இழுக்கும் பாவை என்று சங்கப் பாடல்கள் காலத்திலிருந்து பேசப்படுபவள். எட்டுக்கை அம்மன் கோயிலில் இருப்பது அவள்தான் என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை.

சிரித்த முகத்துக்கு அப்படி ஒரு சக்தி உண்டா? 2011-ல் வெளியான ஓர் ஆய்வு கிட்டத்தட்ட இதைத்தான் சோதித்தது. அமெரிக்க உளவியலாளர்கள் லியா சாமர்வில், டாட் ஹேர், பி.ஜே.கேசி ஆகியோர் சிறுவர்கள், டீன் ஏஜினர், பெரியவர்கள் என மூன்று தரப்பையும் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தார்கள். திரையில் முகங்கள் வந்துபோகும். சில முகங்களுக்குப் பட்டனை அழுத்த வேண்டும், சிலவற்றுக்கு அழுத்தக் கூடாது. 'சிரித்த முகம் வந்தால் அழுத்தாதே' என்று சொன்னபோது அதிகம் தடுமாறியவர்கள் டீன் ஏஜினர்தான். வேண்டாம் என்று தெரிந்தும் கை முந்திக்கொண்டது. சாதாரண முகங்களுக்கு இந்த அளவுக்குத் தடுமாற்றம் இல்லை. மூளை ஸ்கேனிலும், பரிசு கிடைத்தால் துள்ளும் பகுதி அவர்களுக்குத்தான் கூடுதலாகத் துடித்தது.

அதாவது, 'சொன்னா கேக்க மாட்டேங்கிறா' என்று நாம் திட்டும்போது, அங்கே நடப்பது திமிராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆக்ஸிலேட்டர் வேகமாக வளர்ந்துவிட்டது, பிரேக் இன்னும் பொருத்தி முடியவில்லை. கட்டுப்பாட்டைக் கவனிக்கும் முன்மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

'எல்லாரும் என்னையே பாக்குறாங்க!'

சாமர்வில் பிறகு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வகத்தை நடத்தத் தொடங்கினார். 2013-ல் அவர் குழு வெளியிட்ட ஆய்வு, டீன் ஏஜ் பிள்ளையை வைத்திருக்கும் எந்த அம்மாவுக்கும் உடனே புரியும். 8 முதல் 22 வயது வரையிலான 69 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, 'உள்ளே ஒரு கேமரா இருக்கிறது. அது ஆன் ஆகும்போது உங்கள் வயதுள்ள ஒருவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்' என்று சொன்னார்கள். வேறு எந்த வேலையும் இல்லை, சும்மா படுத்திருக்க வேண்டும்.

உண்மையில் யாரும் பார்க்கவில்லை. ஆனாலும், சிறுவர்களைவிட டீன் ஏஜினர் அதிகக் கூச்சத்தைச் சொன்னார்கள். தோலில் சுரக்கும் வியர்வை அளவுகூட அதைக் காட்டியது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, கேலி செய்யவில்லை. 'பார்க்கிறார்கள்' என்ற நினைப்பு ஒன்றே போதுமானதாக இருந்தது.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். ஆய்வகத்தில் கேமரா பொய். மலைக் கிராமத்தில் அது நிஜம். செம்மேட்டில் பஸ் ஏறினால் சோளக்காட்டுச் சந்தையில் பேச்சாகிவிடும் அளவுக்கு எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்த ஆயிரம் கண்களும் ஆன் ஆகியிருக்கும் கேமராக்கள்தான். மலையில் மட்டுமல்ல, அபார்ட்மென்ட்டிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் நிலைமை இதுவே.

143 பேர் சொன்ன கதை

சரி, அந்த 'கடுப்பு'க்கு வருவோம். எரிக் நூக் என்ற ஆய்வாளர், சாமர்வில் உள்ளிட்டோருடன் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட ஆய்வு இது. 5 முதல் 25 வயது வரையிலான 143 பேருக்கு மனதைச் சங்கடப்படுத்தும் படங்களைக் காட்டி, கோபம், சோகம், பயம், அருவருப்பு போன்ற ஒவ்வொன்றும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார்கள். தன் உணர்ச்சிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துச் சொல்லும் திறன் வயதோடு கூடிக்கொண்டே போகும் என்றுதானே நினைப்போம்?

அப்படி இல்லை. சிறு பிள்ளைகள் தெளிவாகப் பிரித்தார்கள். பெரியவர்களும் பிரித்தார்கள். நடுவில் டீன் ஏஜில் மட்டும் அந்தத் திறன் பள்ளத்தில் இறங்கியிருந்தது!

காரணம் சுவாரஸ்யமானது. சின்னக் குழந்தைக்கு ஒரு நேரத்தில் ஓர் உணர்ச்சிதான். கோபம் என்றால் கோபம், அழுகை என்றால் அழுகை. வளரும்போதுதான் கோபமும் வெட்கமும் பயமும் ஒன்றாக வரத் தொடங்குகின்றன. ஆனால், கலந்து கிடப்பதைப் பிரித்துப் பெயர் வைக்க இன்னும் பழக்கம் வரவில்லை. பல பருப்புகள் ஒன்றாகக் கொட்டிக் கிடக்கும் முறம் மாதிரி. புடைத்துப் பிரிக்கத் தெரியாத பிள்ளை, மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே பெயரைச் சொல்கிறது: 'கடுப்பு'.

ஆய்வகத்தில் யார் யார்?

ஆய்வகம் என்றதும் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாயும் நினைவுக்கு வரும். உணர்ச்சி ஆய்வகத்தின் கதை வேறு. தலைமைப் பேராசிரியர் ஒருவர், முனைவர் பட்டம் முடித்த ஆய்வாளர்கள், பிஹெச்.டி மாணவர்கள், ஆய்வு உதவியாளர்கள், சில நேரம் இளங்கலை மாணவர்கள். ஒருவர் பள்ளிகளுக்கும் பெற்றோருக்கும் போன் போட்டுப் பேசுவார். ஒருவர் கம்ப்யூட்டர் விளையாட்டு போன்ற சோதனைகளை எழுதுவார். ஒருவர் எண்களோடு மல்லுக்கட்டுவார். ஸ்கேன் கருவியின் சத்தத்துக்குப் பயப்படும் குழந்தைக்குப் பக்கத்தில் இருந்து தைரியம் சொல்வதும் ஒருவருடைய வேலைதான்.

இவர்கள் பின்பற்றும் ஒரு விதி நம் வீடுகளுக்கும் தேவை. பெற்றோர் கையெழுத்து போட்டால் மட்டும் போதாது, பிள்ளையின் சம்மதமும் வேண்டும். பாதியில் 'வேண்டாம்' என்று பிள்ளை சொன்னால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

உளவியல் நமக்குப் புதிய படிப்பும் அல்ல. மைசூர் பல்கலைக்கழகத்தில் எம்.வி.கோபாலசாமி உளவியல் துறையைத் தொடங்கியது 1924-ல். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-ல் அந்தத் துறை வந்தது. கொல்லிமலைக்குப் பக்கத்து மாவட்டமான சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகத்திலும் உளவியல் துறை இருக்கிறது. இந்த மலைப் பிள்ளை ஒருத்தி நாளை அந்த ஆய்வாளராகவே ஆகலாம்.

நம் பிள்ளைகள் இந்தக் கணக்கில் இருக்கிறார்களா?

நியாயமான கேள்வி. 2010-ல் ஜோசப் ஹென்ரிச் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் ஓர் உண்மையை உடைத்துச் சொன்னார்கள். முன்னணி உளவியல் இதழ்களில் வரும் ஆய்வுகளில் பங்கேற்பவர்களில் 96 சதவிகிதம் பேர், உலக மக்கள்தொகையில் 12 சதவிகிதமே உள்ள மேற்கத்திய, தொழில்மயமான நாடுகளிலிருந்து வருகிறார்கள். இந்தியாவிலோ 10 முதல் 19 வயது வரை உள்ளவர்கள் மட்டும் சுமார் 25 கோடி பேர்!

எனவே ஹார்வர்டு சொல்வதை அப்படியே சோளக்காட்டுக்குப் பொருத்திவிட முடியாது. இடைவெளியை நிரப்பும் வேலையும் நடக்கிறது. வைஷாலி ராவல் என்ற உளவியலாளர் குஜராத் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், உடல் வலியைவிட கோபத்தையும் சோகத்தையும்தான் அதிகம் அடக்கிக்கொள்வதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். நம் வீடுகளில் 'வயிறு வலிக்குது' என்றால் ஓடி வருவோம், 'மனசு வலிக்குது' என்றால் 'உனக்கென்ன குறை?' என்போம். பிள்ளைகள் அதைக் கவனித்துக் கற்றுக்கொள்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் முன்னின்று நடத்தும் 'சி-வேதா' ஆய்வு, 6 முதல் 23 வயது வரையிலானவர்களை நகரம், கிராமம் எனப் பல இடங்களில் தொடர்ந்து கவனிக்கிறது. ஆந்திராவின் ரிஷி வேலியும் மணிப்பூரின் இம்பாலும் அதில் உண்டு.

தேவை பெரியது. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவிகிதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்னை இருந்தது. தமிழ்நாடும் அந்தக் கணக்கெடுப்பில் இடம்பெற்ற மாநிலம்தான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* சொற்களை எடுத்துக் கொடுங்கள். 'என்ன ஆச்சு?' என்பது பெரிய கேள்வி. 'கோபமா, வெட்கமா, பயமா, இல்ல எல்லாம் சேர்ந்தா?' என்று கேட்டால் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைக்கும்.

* கேமராவை ஆஃப் செய்யுங்கள். சொந்தக்காரர்கள் முன்னிலையில் மார்க்கைப் பற்றியோ, முகப்பருவைப் பற்றியோ பேசாதீர்கள். கண்டிப்பதானாலும் தனியாக.

* எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். காய் நறுக்கும்போது, பஸ்ஸில் போகும்போது பேச்சு எளிதாக வரும்.

* சொன்னதும் தீர்ப்பு வேண்டாம். 'இதெல்லாம் ஒரு கவலையா?' என்ற ஒரு வரி போதும், அடுத்த முறை கதவு திறக்காது.

* அடிக்கடி வரும் தலைவலி, வயிற்றுவலியை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பில் குறையில்லை என்றால் மனதைக் கேளுங்கள்.

கேட்பதற்கு டாக்டர் பட்டம் தேவையில்லை என்பதற்கும் சான்று உண்டு. பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் நடந்த 'சேஹர்' ஆய்வில், மனநல மருத்துவர் அல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் பள்ளியிலேயே இருந்தபோது மாணவர்களின் மனச்சோர்வும் சக மாணவர்களின் கொடுமையும் குறைந்தன. அதே வேலையை, ஏற்கெனவே பாடச்சுமை இருக்கும் ஆசிரியர்களிடம் கொடுத்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. கேட்பதற்கென்றே ஒருவர் வேண்டும்.

தூக்கம், சாப்பாடு, படிப்பு எல்லாம் இரண்டு வாரங்களுக்கு மேல் குலைந்திருந்தாலோ, 'இருந்து என்ன பயன்?' என்பது போன்ற பேச்சு வந்தாலோ காத்திருக்காதீர்கள். 14416 எண்ணில் கட்டணமில்லா மனநல ஆலோசனை தமிழிலேயே கிடைக்கும். படிப்பு தொடர்பான உதவிக்கு 14417. குழந்தைத் திருமணம் உட்பட குழந்தைகளுக்கு எதிரான எதற்கும் 1098.

செம்மேடு வந்தது

வளைவுகள் முடிந்து காற்று குளிரத் தொடங்கியிருந்தது. நான் படித்ததை அந்த அக்காவிடம் எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் எதுவும் பேசவில்லை.

"எங்கம்மா என்னை எதுவுமே கேக்கல கண்ணு. பள்ளிக்கூடம் போகலைன்னு ரெண்டு நாள் அடம் புடிச்சேன். மூணாம் மாசம் கல்யாணம். அப்ப எனக்குப் பதினஞ்சு."

பிறகு மகளின் தோளைத் தொட்டார். பிள்ளை ஹெட்போனைக் கழற்றினாள்.

"கடுப்புன்னியே சாமி, அது கோவமா? பயமா? வெக்கமா?"

பதில் உடனே வரவில்லை. பேருந்து நிலையத்துக்குள் வண்டி திரும்பும்போதுதான் வந்தது. "கணக்குல பெயிலாயிட்டேன்மா. எல்லார் முன்னாடியும் மார்க்கைப் படிச்சாங்க. உள்ள போகவே வெக்கமா இருக்கு."

"படிக்கப் பிடிக்கலியோன்னு நெனச்சேனே…"

"பிடிக்கலைன்னு நான் எப்பம்மா சொன்னேன்?"

அம்மா பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். இருவரும் இறங்கி நடந்தார்கள். ஹாஸ்டல் பக்கம்தான்.