எழுதியிருந்தால் காணுமா?

"பைபிளிலை கடவுள் இருக்கிறார் எண்டு எழுதியிருக்கெல்லோ, மாமா. அது காணாதோ?" என்று மருமகள் கேட்டாள். கொழும்பில் படிக்கிறவள்; கூடப் படிக்கும் கிறிஸ்தவப் பிள்ளையோடு வாக்குவாதப்பட்டுவிட்டு லீவுக்கு நயினாதீவு வந்திருந்தாள். ஒரு வாய் பிளேன்ரீ குடிப்பதற்குள் ஓம் என்றோ இல்லை என்றோ முடித்துவிடலாம் போலத் தோன்றும் கேள்வி. அப்படி முடியாது. அவளுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் ஒழுங்காகச் சொல்கிறேன். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு ஆறுதலாகக் கேளுங்கள்.

இந்தக் கேள்வி பாதிரிமாரோடு கப்பலேறி வந்ததில்லை. மணிமேகலை வந்திறங்கிய மணிபல்லவம் நயினாதீவுதான் என்று கருதுவோர் பலர். 'மணிமேகலை' காப்பியத்தில் அவள் வஞ்சி நகரில் சமயவாதிகளிடம் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசுகிறவன் அளவைவாதி. ஒன்றை உண்மையென்று அறிய எத்தனை வழிகள், அதாவது அளவைகள், உண்டு என்பதிலிருந்து அவன் தொடங்குகிறான். வியாசர் பத்து என்றார், கிருதகோடி எட்டு என்றார், சைமினி ஆறு என்றார். நூலின் சொல்லும் அந்த வழிகளில் ஒன்று. பிறகு காஞ்சியில் அறவண அடிகள், புத்தர் கொண்ட அளவைகள் காட்சியும், கண்டதைக் கொண்டு காணாததை ஊகிக்கும் கருதலுமாகிய இரண்டே என்கிறார். மற்றவையெல்லாம் கருதலுக்குள் அடங்கிவிடுமாம். சைவ சித்தாந்திகள் மூன்றில் நின்றார்கள்: காட்சி, கருதல், உரை. உரை என்றால் நம்பத்தக்கவர் சொன்ன சொல்.

எங்கள் தீவில் நாகபூசணி அம்மன் கோயிலிலிருந்து நாகவிகாரைக்கு நடந்தே போகலாம். ஒன்றில் ஆகம வழி வந்த பூசை. மற்றதில், படைத்தவன் ஒருவனை ஏற்காமலே தன் நூல்களைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மரபு. புனித நூல் உள்ள இடத்தில் கடவுளும் இருந்தாக வேண்டும் என்ற கணக்கு இங்கே சரிவராது. வேதத்துக்காகவே வாழ்ந்த மீமாம்சகர்கூட வேதத்தை இயற்றியவர் எவருமில்லை என்றார்கள். அவர்களுக்குப் படைப்போன் தேவைப்படவில்லை.

இனி மருமகளின் கேள்விக்கு வருவோம். பைபிள் சொல்வதால் கடவுள் இருக்கிறார். பைபிள் சொல்வது உண்மையென்று எப்படித் தெரியும்? அது கடவுளின் வார்த்தை. இப்படிச் சொல்கிறவர் சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறார். எங்கள் தர்க்க நூலார் இதை அந்நியோந்நியாசிரயம் என்று குற்றங்களில் ஒன்றாக எண்ணினார்கள். பத்தாம் நூற்றாண்டில் நியாயகுசுமாஞ்சலி எழுதிய உதயனர், வேதம் சொல்கிறது என்பதோடு நிறுத்தவில்லை. உலகம் ஒரு காரியம், காரியத்துக்குக் கர்த்தா வேண்டும் என்று கருதலின் வழியே நடந்தார்.

யாழ்ப்பாணத்தில் பைபிளை நடுவில் வைத்துப் பெரிய வாதம் நடந்தது 19ஆம் நூற்றாண்டில். 1823இல் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. 1841இல் 'உதயதாரகை' பத்திரிகை வந்தது. நல்லூர் ஆறுமுகநாவலர் வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடத்தில் பீற்றர் பேர்சிவலிடம் படித்து, அங்கேயே படிப்பித்து, பைபிளைத் தமிழாக்குவதிலும் அவருக்குத் துணைநின்றார். அந்தத் தமிழாக்கம் 1850இல் வெளிவந்தது. 1854இல் நாவலரின் 'சைவதூஷண பரிகாரம்' வந்தது. கோயிலும் விளக்கும் தூபமும் தீர்த்தமும் அஞ்ஞானம் என்று மிஷனரிமார் ஏசியதற்கு, அவர் பழைய ஏற்பாட்டைத் திறந்து, ஆசாரியர், பலிபீடம், குத்துவிளக்கு, தூபவர்க்கம் எல்லாம் உங்கள் நூலிலும் கடவுள் கட்டளையாகவே இருக்கின்றனவே என்று காட்டினார். அதே ஆண்டு, செமினரியின் தலைவராக இருந்த ஹொய்சிங்ரன் செய்த, சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு அமெரிக்காவில் அச்சில் வந்தது. எதிராளியின் நூலை வரிவரியாகப் படித்துவிட்டு வாதாடிய அந்தக் காலத்தின் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அந்த உழைப்பு இப்போது இரு பக்கத்திலும் குறைந்துபோனது மனதை வருத்துகிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வாதத்தில் நின்ற இரு தரப்புக்கும் கடவுள் உண்டு. எந்த வழிபாடு தகும் என்பதே வழக்கு. மிஷனரி ஏற்றுக்கொண்ட நூலை மிஷனரிக்கே எடுத்துக்காட்டியதால்தான் நாவலரின் வாதம் செல்லுபடியானது.

1873 ஆகஸ்டில் பாணந்துறையில் நடந்த வாதத்தில் நிலைமை வேறு. கிறிஸ்தவர் பக்கம் டேவிட் த சில்வா, பௌத்தர் பக்கம் மிகெட்டுவத்தே குணானந்த தேரர். இங்கே எதிராளி படைப்போனையே ஏற்காதவர். கடவுள் எரிச்சல் கொள்கிறவர் என்று யாத்திராகமம் சொல்கிறதே, மனிதனைப் படைத்ததற்காக மனம் வருந்தினார் என்று ஆதியாகமம் சொல்கிறதே, இவரா எல்லாம் அறிந்தவர் என்று தேரர் கேட்டார். சாட்சியாகக் கொண்டுவந்த நூலே குற்றவாளிக் கூண்டில் ஏறியது. ஏற்காதவரிடம் நூலை ஆதாரமாக நீட்டினால் முதலில் விசாரிக்கப்படுவது அந்த நூல்தான்.

சரி, பைபிள் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது? பலர் கேட்காமல் விடுகிற கேள்வி இது. அதன் முதல் வாக்கியத்திலேயே கடவுள் வந்து வானத்தையும் பூமியையும் படைக்கத் தொடங்கிவிடுகிறார். அவர் இருக்கிறாரா என்ற விசாரணை அங்கே இல்லை. அந்த எழுத்தாளர்களுக்குத் தேவையும் இருக்கவில்லை. சுற்றியிருந்த சனங்கள் எல்லோரும் ஏதோ ஒரு தெய்வத்தைக் கும்பிட்டவர்கள். எந்தத் தெய்வம், அவர் குணம் என்ன, எங்களிடம் என்ன கேட்கிறார் என்பதே அவர்களுடைய கவலை.

அப்போஸ்தலர் நடபடிகளின் 17ஆம் அதிகாரத்தை மருமகளுக்கு எடுத்து வாசித்துக் காட்டினேன். தெசலோனிக்கே ஊரில் யூதரின் செபஆலயத்துக்குப் போன பவுல் வேதத்தை எடுத்து வாதாடுகிறார். அவர்களுக்கு அது ஏற்ற நூல். அதே அதிகாரத்தில் ஏதென்ஸுக்குப் போகிறார். அங்கே எபிக்கூரியர், ஸ்தோயிக்கர் என்ற தத்துவவாதிகள். அவர்கள் முன்னால் யூத வேதத்திலிருந்து ஒரு வசனத்தையும் அவர் மேற்கோள் காட்டவில்லை. அந்த ஊரில் கண்ட, அறியப்படாத தெய்வத்துக்கென்று எழுதிய பலிபீடத்திலிருந்து தொடங்கி, கிரேக்கக் கவிஞரின் சொல்லையே துணைக்கு அழைக்கிறார். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்திலும், கடவுளின் வல்லமையைப் படைக்கப்பட்டவற்றைப் பார்த்தே அறியலாம் என்கிறார். நூல் அறியாதவருக்கு நூலுக்கு வெளியே ஒரு வழி உண்டு என்று நூலே ஒப்புக்கொள்கிறது.

கத்தோலிக்க மரபு இந்த வழியை இறுகப் பிடித்தது. 13ஆம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவினாஸ் கடவுள் உண்டு என்பதற்கு ஐந்து வழிகள் சொன்னார். யாத்திராகமத்தில் கடவுள் மோசேக்குத் தம் பெயரைச் சொல்லும் இடத்தை ஒரு வரியில் காட்டிவிட்டு, பிறகு அசைவு, காரணம், ஒழுங்கு என்று உலகத்தை வைத்தே வாதிக்கிறார். அதே நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்தை அவன், அவள், அது என்று சுட்டப்படுகிற உலகத்திலிருந்தே தொடங்கி, தோன்றி நின்று ஒடுங்குவதற்கு ஒருவன் வேண்டும் என்று முடிக்கிறார். ஒருவரையொருவர் கேள்விப்பட்டிராத இருவர் ஒரே திசையில் நடந்திருப்பது எனக்கு இன்றும் வியப்பு. 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம், படைப்பைக் கொண்டு பகுத்தறிவாலேயே கடவுளை உறுதியாக அறியலாம் என்று போதனையாகவே அறிவித்தது.

புரொட்டஸ்தாந்து பக்கத்தில் கால்வின் வேறு மாதிரிச் சொன்னார். வேதத்துக்கு வெளியிலிருந்து அத்தாட்சி தேவையில்லை. வாசிக்கிறவரின் உள்ளத்தில் ஆவியானவர் சாட்சி சொல்லுவார் என்றார். வட்டுக்கோட்டைக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் பெரும்பாலும் அந்த மரபில் வந்தவர்கள். இதையும் தள்ளிவிட எனக்கு மனமில்லை. சண்டைக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து மகன் எழுதிய கடிதம் மாதக்கணக்கில் சுற்றி வீடு வந்து சேரும். தாய்க்கு அது மகன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு முழுச் சாட்சி, ஏனென்றால் அந்தக் கையெழுத்தை அவள் முன்பே அறிவாள். பக்கத்தில் நிற்கிற அந்நியனுக்கு அது யாரோ எழுதிய தாள். இருவரும் பார்ப்பது ஒரே தாள். தாயின் அறிவு பொய்யில்லை. அவள் அதை அந்நியனுக்குக் கடன் கொடுக்கத்தான் முடியாது. கால்வின் பேசுவது தாயின் அறிவைப் பற்றி. மருமகளின் சிநேகிதி பிழைவிட்டது, தன் அறிவை இவள் கையில் தாளைக் கொடுத்தே மாற்றிவிடலாம் என்று நினைத்ததில்.

கையெழுத்தை முதலில் பழக்குவது எது? எங்கள் பகுதிக் கத்தோலிக்கரின் சரித்திரம் இதற்குப் பதில் சொல்லும். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து குருமாரைத் துரத்தினார்கள். 1687இல் ஜோசப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சில்லாலையில் தங்கியபோது, பல ஆண்டுகளாகக் குருவே இல்லாமல் சனம் விசுவாசத்தைக் காத்து வைத்திருந்தது. தமிழில் புதிய ஏற்பாடு முதன்முதலில் அச்சேறியதோ 1715இல், தரங்கம்பாடியில். வாஸ் அடிகள் வந்தபோது அந்தக் குடும்பங்களிடம் இருந்தது மனப்பாடமான செபம், செபமாலை, பெற்றார் சொன்ன கதை. வாசித்து நம்பியவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. நம்பிக்கை ஒரு சமூகத்தின் பழக்கமாக முதலில் வந்தது. நூல் பிறகு வந்து அதைத் திருத்தி, ஆழமாக்கியது. உலகத்தில் பெரும்பாலான விசுவாசிகளுக்கு இதே வரிசைதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே கடவுள் உண்டா என்பதற்கு பைபிளை நிரூபணமாகக் காட்ட முடியாது. அது அந்த வேலைக்கு எழுதப்பட்டதும் இல்லை. அதற்காக அது வெறும் தாளும் ஆகாது. உரையளவை என்று சித்தாந்திகள் ஏற்றது, காட்சியும் கருதலும் எட்டாத இடத்துக்கு. ஒருவன் இருக்கக்கூடும் என்பது வரை கருதல் கொண்டுபோகும். அவன் அன்புள்ளவனா, அழுகிறவனின் பக்கம் நிற்பானா என்பதை அறிய, அவனோடு பழகியதாகச் சொல்கிறவர்களின் சாட்சியை எடைபோட வேண்டும். பைபிள் அப்படிப்பட்ட சாட்சிகளின் தொகுப்பு. நல்ல சாட்சி தன் சந்தேகத்தையும் மறைப்பதில்லை. சங்கீதங்களில் பல, கடவுள் எங்கே போய்விட்டார் என்ற முறைப்பாடுகள்.

"அப்ப எதிலை தொடங்கிறது, மாமா?" என்று கேட்டாள். யோபுவிலை தொடங்கு என்றேன். பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த மனிதன் கடவுளையே வழக்குக்கு இழுக்கிறான். சிநேகிதர்கள் முன்னோர் சொன்ன நல்வாக்குகளையெல்லாம் எடுத்துச் சொல்லி அவனை அடக்கப் பார்க்கிறார்கள். 38ஆம் அதிகாரத்திலிருந்து கடவுள் பெருங்காற்றினூடே பேசும்போது முன்னோர் வாக்கு ஒன்றும் வரவில்லை. கடலுக்குக் கதவு போட்டது யார், வரையாடு குட்டி போடும் காலம் உனக்குத் தெரியுமா என்று உலகத்தைக் காட்டிக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்கிறார். கடைசி அதிகாரத்தில், என்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுதான், நீங்கள் இல்லை என்று அந்தச் சிநேகிதர்களைக் கண்டிக்கிறார்.